எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு முகம் மாற்றியது

வைகாசி 21, திங்கள்

இன்று ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: என் மகன் சென்னியப்பன், அவன் சம்சாரம் கோகிலவாணி, கம்ப்யூட்டர் சர்வீஸ் சகாயராஜ், தர்மபுரிப் பக்கத்து லாரி டிரைவர் மாதப்பன், அப்புறம் மயிலாத்தாள் ஆகிய நான். மாதப்பன் தண்ணீர் குடிக்க வந்தவன்தான். இருந்தாலும் இருந்தான், எழுதிவிட்டேன். நாளைக்கு ஒருவரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக் கூடாது.

சென்னியப்பன் வாசலில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். கோகிலவாணி பீரோவில் சாய்ந்து நின்றாள். சகாயராஜ் உட்கார்ந்திருந்தது என் நாற்காலியில். இந்த எடைமேடையைப் போட்டவர் என் வீட்டுக்காரர். அவர் போன பிறகு விடிந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அந்த நாற்காலியில் என்னைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. லாரி மேடை ஏறும், நான் எடை போடுவேன், சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். பெருந்துறை ரோட்டில் என் சீட்டை மறுத்துப் பேசிய மில் கிடையாது.

"முகப்பு மாத்தியாச்சு பாட்டி," என்றான் சகாயராஜ்.

பாட்டியாம். இவன் தாத்தாவுக்கு நானா வாக்கப்பட்டேன்?

"என்ன மாத்துனே?"

"விண்டோஸ் அதே பழசுதான். அதுக்கு மேல ஒரு முகப்பு இருக்கும்லா, ஷெல்லும்பாங்க. நீங்க ஆன் பண்ணுனதும் பாக்கது அதத்தான். அது இந்தக் கெழட்டு மிசினுக்கு ரொம்பப் பாரம். அத எடுத்துட்டு லேசா வேற ஒண்ணு வச்சிருக்கேன். உள்ள எடை போடுத புரோகிராம்ல கையே வைக்கல."

"புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்று மாதப்பன் கேட்டான். தண்ணீர் குடிக்க வந்தவன் வேலை அது.

"மேடையில இருந்து வாற வயர சொருவ புது மிசின்ல எடமே கெடையாதுண்ணே."

நான் திரையைப் பார்த்தேன். இடது கீழ் மூலையில் இருந்த பொத்தானைக் காணோம். இடது மேல் மூலையில் வரிசையாக இருந்த படங்களைக் காணோம். பச்சை மேடும் நீல வானமும் போயே போய்விட்டது. கறுப்புத் திரையில் கதவு கதவாகப் பெட்டிகள்.

என் முறை என்னவென்றால், மவுஸை இடது மேல் மூலைக்கு இழுத்து முட்டவிட வேண்டும். முட்டி நின்றதும் ஒரு விரற்கடை கீழே. அங்கே தராசுப் படம். அதன் மேல் மவுஸால் இரண்டு தட்டு. அப்புறம் வண்டி நம்பரை அடித்து எண்டரைத் தட்டினால் மேடையில் நிற்கிற எடையை அதுவே எடுத்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

"சுளுவா இருக்கும்மா," என்றான் சென்னியப்பன், காதில் போனை வைத்தபடியே. என்னிடம் சொன்னானா, போனில் சொன்னானா, தெரியாது.

சிமெண்ட் ஏஜென்சிக்காரர் கொடுத்த டைரியில் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் மறந்துவிடுவேன் என்று எழுதவில்லை. மற்றவர்கள் மறந்துவிடுவார்கள்.

வைகாசி 22, செவ்வாய்

கோகிலவாணி தண்ணீர்க் குடத்தை நடையில் வைத்திருக்கிறாள். இடித்துக் கால் நகம் பெயர்ந்தது.

"அது எப்பவும் அங்கதானுங்க அத்தே இருக்குது."

அவள் பிறப்பதற்கு முன்னால் நான் இந்த வீட்டுக்கு வந்தவள். குடம் எங்கே இருக்கும் என்று எனக்குச் சொல்கிறாள். கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் நாள் என் அண்ணனுக்குக் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தவள் இவள். அவனுக்குச் சர்க்கரை வியாதியாம். வியாதி வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

வைகாசி 25, வெள்ளி

இந்தப் புது முகப்பு எனக்கு ஆகாது. ஒவ்வொரு பெட்டியும் சோற்றுத் தட்டு அகலம். எழுத்து கடைப் போர்டு எழுத்து. பெரிது பெரிது என்றுதான் பெயர், ஒன்றும் முழுசாகத் தென்படவில்லை. "எடை" என்பது தெரிகிறது. அதற்கு முன்னால் "மேடை" இருக்கிறதா "பதிந்த" இருக்கிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பினால் "எடை" போய்விடுகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. "மேடை எடை" என்றால் இப்போது மேடையில் நிற்கிற எடை. "பதிந்த எடை" என்றால் அந்த வண்டிக்கு முன்பு எப்போதோ போட்டு வைத்த காலி எடை. அவசரக்காரர்கள் காலி வண்டியை மறுபடி ஏற்றாமல் அதை வைத்தே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். பழைய முகப்பில் அந்தப் பக்கமே நான் போனதில்லை.

அம்பும் எங்கேயோ தொலைந்துபோகிறது. மூலைக்கு இழுத்தால் அங்கே ஒன்றும் இல்லை.

சகாயராஜுக்குப் போன் போட்டேன்.

"படத்தயெல்லாம் பழயபடி மூலைல கொண்டாந்து வெச்சுட்டுப் போ."

"இந்த ஷெல்லுல மூலையில ஒண்ணும் வைக்க முடியாது பாட்டி. நடுவுல மட்டுந்தான்."

"மூலைய ஒதுக்கி எவனாச்சும் ஊடு கட்டுவானா?"

சிரிக்கிறான். இந்தச் சிரிப்பையும் எழுதிக்கொண்டேன்.

கோகிலவாணி வேறு. பூனை மாதிரிப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். வாய் திறந்த பிறகுதான் ஆள் இருப்பதே தெரிகிறது. "காப்பி ஆறுதுங்க அத்தே." வேவு பார்க்கிற பிறவி.

அறையில் ட்யூப்லைட்டும் மங்கல். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. "நல்லாத்தானம்மா எரியுது" என்கிறான் சென்னியப்பன்.

வைகாசி 28, திங்கள்

ஒன்பது வண்டி. மாதப்பன் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வெள்ளென வந்தான். பாரத்தோடு ஒரு எடை போட்டுவிட்டு, கோழித்தீவன மில்லில் இறக்கிவிட்டு, காலியாக வந்து இன்னொரு எடை போட்டான். அவன் ஆரன் எனக்குத் தெரியும். சளி பிடித்த சேவல் மாதிரி.

"ஆயா, எங்க மொதலாளி வண்டிக்குப் புதுப் பாடி கட்டுன பொறவு இப்பத்தான் ஒங்க மேடைக்கு வர்றேன்."

"தெரியும்டா. திருச்செங்கோட்ல கட்டுனது. மாசில கொண்டு போயி உட்டாரு. பழைய பாடி இரும்பு, புதுசு லேசு. பழசுல காலி வண்டி ஒம்பது டன் நாப்பது."

"எப்பிடி ஆயா இதெல்லாம் மண்டையில வெச்சிக்கினு இருக்கே?"

"உன்னையாட்ட மண்டையில தலப்பா மட்டுமா வெச்சிருக்கறன்?"

சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிப் போனான். அவனுக்கு எழுத்துப் படிக்க வராது. அந்தச் சீட்டுக்குப் பெட்டியை இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது. மத்தபடி ஒன்றுமில்லை.

வைகாசி 30, புதன்

மாதப்பன் வந்தான். ஆரன் இல்லாமல் வந்தான், நடந்து. முதலாளி வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாராம்.

மில்லில் மானேஜர் சொல்கிறாராம், சோளம் அனுப்பின இடத்துச் சீட்டுக்கும் எங்கள் சீட்டுக்கும் ஒன்பது மூட்டை குறைகிறது என்று. வழியில் எங்கோ இறக்கி விற்றுவிட்டானாம்.

"ஆயா, நான் தார்ப்பாய் முடிச்சக் கூட அவுக்கல. ஒங்க சீட்டு ஒரு வாட்டி பாருங்க ஆயா."

"என்ற சீட்டுத் தப்பாவாது."

"நான் ஒங்கள சொல்லல..."

"அப்ப யாரச் சொல்றே? மேடையையா? மேடைக்கு போன மாசந்தான் முத்திரை போட்டுட்டுப் போனாங்க. ஒம்பது மூட்டைக்கு நீதான் பதில் சொல்லோணும்."

அவன் நின்றுகொண்டிருந்தான் போலிருக்கிறது. நான் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கோகிலவாணி வெளியே போய் அவனுக்கு மோர் கொடுப்பது கேட்டது. திருடனுக்கு மோர்.

வைகாசி 31, வியாழன்

ராகி அரைக்கக் கொடுத்தேன். டீத்தூள் தீர்ந்துவிட்டது. மாதப்பன் பொண்டாட்டி ஊரிலிருந்து போனில் அழுதாளாம், கோகிலவாணி சொன்னாள். இந்த வீட்டு நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஆனி 1, வெள்ளி

ஆபீஸ் அறையில் மறுபடியும் அதே கூட்டம். சென்னியப்பன், கோகிலவாணி, மாதப்பன். மிஷின் குற்றமோ என்று சகாயராஜையும் வரச் சொல்லியிருந்தான். மில்லிலிருந்து சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள்.

கோகிலவாணி சீட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். "பார எடை இருவத்தி நாலு டன் அறுநூறு. காலி எடை ஒம்பது டன் நாப்பது..."

"அது பழைய பாடி எடை," என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

பிறகு சகாயராஜ்தான், "அப்போ பதிந்த எடைப் பெட்டிய அமுக்கியிருக்கு. காலி வண்டிய மேடையில நிறுத்திட்டு, பழய எடையக் கழிச்சிருக்கு. அதான் சோளம் கொறச்சலாக் காட்டுது," என்றான். மாதப்பன் கீழே உட்கார்ந்துவிட்டான். அழுதானோ சிரித்தானோ, ஒரு சத்தம் வந்தது.

சென்னியப்பன் போனைச் சட்டைப் பையில் வைத்தான். அவன் போனைப் பையில் வைப்பது அபூர்வம்.

"அம்மா, அன்னிக்கு எப்புடி அமுக்குனே? இங்க உக்காந்து செஞ்சு காட்டு பாக்கலாம்."

உட்கார்ந்தேன். என் கை தானாக மவுஸை மூலைக்கு இழுத்தது. முட்டியது. ஒரு விரற்கடை கீழே இறக்கினேன். கறுப்பு. திரையில் எங்கே எது இருக்கிறது என்று தலையை அசைத்துத் தேட எல்லோர் எதிரிலும் எனக்கு மனசு வரவில்லை. விரலை நீட்டி, இதுதான் என்று ஒரு இடத்தைத் தொட்டேன்.

"அது மிசின அணைக்குத பெட்டியில்லா," என்றான் சகாயராஜ் மெதுவாக.

உடனே கோகிலவாணி குரல். "அன்னிக்கு நாந்தானுங்க உக்காந்திருந்தேன். அத்த தலைக்குத் தண்ணி வாக்கப் போயிருந்தாங்க. நாந்தான் மாத்தி அமுக்கிப்போட்டேன்."

"அறிவு கெட்டவளே!" சென்னியப்பன் சுவர் அதிரக் கத்தினான். "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு குடும்பத்தான் வண்டியப் புடுங்கிட்டாங்க, இன்னும் நாலு நாள் பொறுத்துச் சொல்றதுக்கென்ன?"

மாதப்பன் அதை மறுக்கவில்லை. நாற்காலியில் இருந்தது யார் என்று அவனுக்குத் தெரியாதா? நானும் மறுக்கவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டுக் காலி வண்டியை மறுபடி மேடையேற்றி எடை போட்டு, திருத்திய சீட்டை எடுத்துக்கொண்டு சென்னியப்பனும் மாதப்பனும் மில்லுக்குப் போனார்கள். சாவி திரும்பக் கிடைத்துவிட்டது.

ஆனி 2, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. கோகிலவாணியும் கூப்பிடவில்லை. தட்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக வைத்துவிட்டுப் போனாள்.

ஆனி 5, செவ்வாய்

கோகிலவாணி, கோயமுத்தூரில் தன் சித்தி வீட்டுச் சீருக்குப் போகிறோம் என்று சென்னியப்பனிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணாஸ்பத்திரி.

"ஏமாத்திக் கூட்டியாந்துட்டியா?"

"ஆமாங்க. சொன்னா வருவீங்களா?"

சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் புள்ளி வராமலே நாலைந்து தடவை அமுக்கினேன். அந்தப் பொண்ணு, "பாட்டி, சும்மா அமுக்காதீங்க, மிசினுக்குத் தெரிஞ்சிரும்," என்றாள். மிஷின்கள் எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டன.

டாக்டரம்மா சின்ன வயசு. "கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் அதிகமாகி நரம்பு கெட்டிருக்கும்மா. சுத்தியிருக்கற பார்வை போயிருச்சு, நடுவுல மட்டும் மிச்சம். ஊதாங்குழல் வழியாப் பாக்கற மாதிரி. சரிங்களா?"

சரியென்று எப்படிச் சொல்ல? "லைட்டு மங்கலுங்க," என்றேன்.

"எத்தன நாளா இப்படி?"

"இப்பத்தான்," என்றேன் நான்.

"ரெண்டு வருசமாவுங்க," என்றாள் கோகிலவாணி. "போன வருசத்துக்கு முந்துன பொங்கலுக்கு ரசத்த எலைக்கு வெளிய ஊத்துனாங்க. அப்பறம் குடத்துல இடிச்சாங்க. கதவுல இடிச்சாங்க. பக்கத்துல போயி நின்னா திடுக்குனு தூக்கிப்போடும். டீவில ஆளு பேசறப்ப அடுத்தாளத் தேடித் தலயத் திருப்புவாங்க. டைரி எழுதறப்ப வரில வெரல வெச்சுக்குவாங்க."

எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னாள். இந்த வீட்டில் ஞாபகம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

போனது வராதாம். இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாமாம். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்குமாம். டாக்டரம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

வெளியே வேப்ப மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"தெரிஞ்சே ரெண்டு வருசம் வாயத் தொறக்காம இருந்திருக்கறே."

"ஒருக்கா சொன்னனுங்க. 'உன்ற கண்ணுல கொள்ளிய வெக்க' ன்னீங்க."

சொன்னேன்தான். சித்திரையில், ஒரு புதன்கிழமை.

"அவங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அடுத்த நாளே உங்கள மேடைல இருந்து எறக்கிருவாரு. அப்பறம் ரோசனை பண்ணிப் பாருங்க அத்தே. பொழுதன்னைக்கும் ஊட்ல நானும் நீங்களும்." மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தபடி, "உங்களுக்கும் அந்தச் சேரு உட்டா வேற என்னங்க இருக்குது," என்றாள். பிறகு, "அந்த ஷெல்ல மாத்தறப்ப பொட்டியெல்லாம் பெருசா வெக்கச் சொன்னது நாந்தானுங்க. பெருசா இருந்தா தெரியும்னு நெனச்சேன். இப்புடிக் கொழல் வழியாப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரீல," என்றாள்.

தெரியாதது ஒன்றாவது இருந்தது அவளுக்கு. இளநீர் வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன்.

ஆனி 6, புதன்

சொட்டு மருந்து எரிகிறது.

ஆனி 11, திங்கள்

கோகிலவாணி சென்னியப்பனிடம் சொல்லிவிட்டாளாம், கண்ணையும், அன்றைக்கு நாற்காலியில் இருந்தது யார் என்பதையும். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று எழுத ஆசை. இல்லை, அவளாகத்தான் சொன்னாள்.

சென்னியப்பன் வந்து கட்டில் ஓரம் நின்றான். செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? நல்லாத்தான இருந்தே?"

நான் போர்வையை மடித்தேன்.

"நேத்துக் கூட நல்லாத்தான நடந்து வந்தே."

நேற்று நான் நடந்து வரவில்லை. கோகிலவாணி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இவன் எதிரில்தான் இருந்தான்.

நாளையிலிருந்து சீனாபுரத்துப் பொண்ணு ஒருத்தி உட்காருவாளாம், கம்ப்யூட்டர் படித்தவளாம். "நீ இனி ரெஸ்ட் எடும்மா" என்று சொல்லிவிட்டு, போன் அடித்தது, போய்விட்டான்.

ஆனி 14, வியாழன்

சகாயராஜ் வந்து பழைய ஷெல்லையே திரும்பப் போட்டுவிட்டான். புதுப் பொண்ணுக்கு அதுதான் பழக்கமாம். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

அவள் சாப்பிடப் போனபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். உட்கார்ந்தேன். இடது மேல் மூலைக்கு இழுத்தேன், முட்டியது, ஒரு விரற்கடை கீழே, இரண்டு தட்டு. திறந்தது. மேடையில் ஒரு வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. நம்பரைக் கேட்டு அடித்தேன், எண்டர் தட்டினேன், சீட்டு வந்தது. தலையைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"யார் உன்னய இங்க வரச் சொன்னது?" சென்னியப்பன். "இன்னொருக்கா வம்பாயிரும்மா. போ, எந்திரி." என் தோளைத் தொட்டு எழுப்பினான். அந்தச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக் கிழித்துவிட்டு, அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மறுபடி எடை போடச் சொன்னான். அதே எடைதான் வந்தது. அவள் படித்தது எனக்குக் கேட்டது.

வண்டிக்காரன் யார் என்று குரலில் தெரிந்தது. வெள்ளகோயில் ஆள். கிழித்ததை அவனும் பார்த்தான்.

ஆனி 17, ஞாயிறு

மாதப்பன் வண்டி இப்போது எதிர்ப்பக்கத்து மேடைக்குப் போகிறது. ஆரன் கேட்கிறது. போகட்டும். நான் அவனைத் திருடன் என்றேன், அவன் என்னைக் குருடி என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அவன் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

சகாயராஜ் இன்று "எப்படி இருக்கீங்கம்மா" என்றான். பாட்டி போய் அம்மா வந்திருக்கிறது. அவனும் சொன்னதைச் செய்த ஆள்தான். சிரித்ததை எழுதிய வரியை மட்டும் அடித்துவிடவில்லை, டைரியில் அப்படியே இருக்கட்டும்.

கோகிலவாணிக்குப் பாதி மன்னிப்பு. மீதிப் பாதியை என் அண்ணன் காபிக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் மருந்து விடுகிறவள் அவள்தான். கை நடுங்காமல் விடுகிறாள். பொழுதன்னைக்கும் அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் பயந்தபடியே. நேற்றுப் புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்றேன். "கண்ணு போனாலும் நாக்குப் போவல," என்றாள். நான் சிரித்ததை அவள் பார்த்திருக்கக் கூடாது. பார்த்திருப்பாள். அவள் பார்க்காதது எது?

நான் மறைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. சென்னியப்பனிடம்தான் மற்ற எல்லோரையும் விட அதிகமாக மறைத்தேன். அவன் வரும் நேரத்தில் எழுந்து நடக்க மாட்டேன். அவன் எதிரில் ஊசி கோக்க மாட்டேன். அவளிடமும் மறைக்கத்தான் செய்தேன். எங்கிருந்தோ வந்தவள் ரசம் இலைக்கு வெளியே போன நாளைக் கண்டுபிடித்தாள். அந்தப் பந்தியில் நான் ரசம் ஊற்றிய இலையில் உட்கார்ந்திருந்தது அவன். ரசம் அவன் வேட்டியில் தெறித்தது. துடைத்துக்கொண்டு சாப்பிட்டான். அவ்வளவு நன்றாக அவனிடம் மட்டும் மறைந்துவிட்டது.

மறைத்தது என் குற்றம். மறைந்துபோனது யாருடைய குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவன் கூட வரலாம், கையைப் பிடிக்கலாம், மருந்து வாங்கலாம். அந்தக் கிழித்த சீட்டைக்கூட ஒருநாள் மறப்பேனோ என்னவோ. இதை மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். பெயரையும் எழுதிவிடுகிறேன், வரியில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக.

சென்னியப்பன்.